ஈர மண்ணில் நிற்கக் கூடாது

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய கார் ஒருநாளும் நின்றதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே வேகம் குறையும், இடது பக்கக் கதவு திறந்துகொள்ளும், உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு என் பையை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு நான் என்னையும் அந்தக் காருக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கார் அதுபாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். வாசல் காவல்காரர் கன்னடக்காரர். "நில்லி சார், நில்லி சார்" என்று கூடவே ஓடி வருவார்.

"நின்னா மறுபடி ஸ்டார்ட் ஆவாது யஜமானரே" என்பார் இவர்.

பச்சைப் பொய். அந்தக் கார் நன்றாகவே ஸ்டார்ட் ஆகும். மனுஷனுக்குத்தான் நிற்க வராது.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஜோகுபாளையத்தில் இன்னும் அவருடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், என்னை வழியில் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள். யுத்த காலத்தில் ராணுவத்தில் விமானம் பழுதுபார்க்கப் போய், அங்கேயே எப்படியோ ஓட்டவும் கற்றுக்கொண்டு வந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு, ஊருக்கு வடக்கே இருந்த ஒரு ஃப்ளையிங் கிளப்பில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் காக்ஸ் டவுன்காரி, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மலைப்பக்கத்துக் காபித் தோட்டங்களில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் தோட்டத்திலிருந்து டெலிபோன் வரும். கிளப்பின் சின்ன விமானத்தில் மருந்தையும் ஒரு நர்ஸையும் ஏற்றி அனுப்புவார்கள். அந்த நர்ஸ் எப்போதும் நான்தான். கெட்டிக்காரி என்பதால் இல்லை, எங்கள் வார்டிலேயே ஒல்லியானவள் என்பதால். "உங்க மேட்ரன் ஏறினா பெட்ரோல எறக்கி வச்சிட்டுத்தான் போவணும்" என்று அவர் சொன்னதை மேட்ரன் கேட்டுவிட்டு, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சொன்னவர் அவர், கோபம் என்மேல்.

கிளப் மைதானம் என்றவுடன் சிமென்ட் போட்ட ரன்வேயை நினைத்துக்கொள்ளக் கூடாது. விமானக் கொட்டகைக்குள் மட்டும்தான் சிமென்ட். வாசலைத் தாண்டினால் புல், புல்லுக்குக் கீழே செம்மண். வெயில் நாளில் இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் கால் வைத்த இடத்தில் செருப்பு தங்கிவிடும், கால் மட்டும் வெளியே வரும். கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மேடு. அந்த மேட்டுக்குப் போய்விட்டால் தரை கெட்டி. ஆனால் அந்தக் கெட்டித் தரையின் நீளம் ரொம்பக் குறைச்சல், முடிவில் வரிசையாக நீலகிரி மரங்கள். அதனால் மேட்டுக்கு வரும்போதே விமானத்துக்கு நல்ல ஓட்டம் இருக்க வேண்டும். சேற்றில் நின்று நின்று போனால் மேட்டுக்கே வந்து சேராது, வந்தாலும் மரத்தில் முட்டும்.

"ஈர மண்ணுல நிக்கக் கூடாது சிஸ்டர்" என்று முதல் தடவையே சொல்லிவிட்டார். "ஓடிக்கினே இருந்தா நம்ம வெயிட்டு அதுக்குத் தெரியாது. நின்னமோ, புடிச்சிக்கும். அப்புறம் வுடாது."

கொட்டகைச் சிமென்ட்டிலேயே எஞ்சினைச் சூடு பண்ணி, என்னை ஏற்றி உட்காரவைத்து, புறப்பட்டால் புறப்பட்டதுதான். கையிலிருக்கும் கம்பியை வயிற்றோடு இழுத்துப் பிடித்துக்கொள்வார். முன் பாரம் சக்கரத்தில் இறங்காமல் இருக்க அது. தரையை விட்டதும் மேலே போகவும் மாட்டார். ஆள் உயரத்தில் புல்லை ஒட்டியே பறந்துகொண்டிருப்பார். நீலகிரி மரங்கள் நேரே வரும். நான் பரமண்டல ஜெபத்தில் பாதி வந்திருப்பேன், அப்போதுதான் மூக்கைத் தூக்குவார்.

"தரைய வுட்டாச்சே, உடனே மேல போனா என்ன சார்?"

"மண்ணு வுட்டுடுச்சு, காத்து இன்னும் புடிக்கல சிஸ்டர். அது புடிக்கிற வரைக்கும் கீழதான் இருக்கணும்."

நாங்கள் இறங்கும் தோட்டத்தில் ஒரு சரிவில் புல் செதுக்கி வைத்திருந்தார்கள். சரிவின் அடியில் தரைதொட்டு மேல்நோக்கி ஓடி, உச்சியில் வட்டமடித்துத் திரும்பி, என்னை இறக்கிவிட்டு அப்படியே சரிவில் ஓடிக் கிளம்பிவிடுவார். தோட்டத்து முதலாளியம்மா ஒருமுறை ஆரஞ்சுக் கூடையோடு கூடவே ஓடி வந்தாள். இவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரே ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, "போதும்மா, பாரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு நாள் கழித்து என்னை அழைத்துப்போக வந்தபோதும் அந்தம்மாவுக்குக் கோபம் ஆறவில்லை.

மைதானத்தில் இருக்க வேண்டிய பழக்கம் அந்த மனுஷனுக்கு ஊர் பூராவும் ஒட்டிக்கொண்டிருந்தது. அல்சூர் மார்க்கெட்டில் நடந்துகொண்டே கத்திரிக்காய் வாங்குவார், கடைக்காரன் பாக்கிச் சில்லறையோடு பின்னால் ஓடி வருவான். காபியை நடந்துகொண்டே குடிப்பார். ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார மாட்டார், கேட்டுக்கு வெளியே உலாவிக்கொண்டே சேதி சொல்லிவிட்டுப் போவார். போய்வருகிறேன் என்றும் சொல்ல மாட்டார். பேசிக்கொண்டே இருப்போம், பார்த்தால் குரல் தெருவில் கேட்கும்.

அவர் மனைவி நல்ல வாய்க்காரி. "கல்யாணத்துல தாலி கட்டும்போது ஒரு தரம் உக்காந்தாரு சிஸ்டர். அதுவும் ஐயர் தோளப் புடிச்சி அமுக்கினதால. மூணாவது முடிச்சு நாத்தனாதான் போட்டா, இவரு அதுக்குள்ள எழுந்துட்டாரு." இதைச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் இன்னொரு விஷயம் சொல்லும்போது சிரிக்கவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தாராம், வார்டின் ஒரு வாசல் வழியாக நுழைந்து, கட்டிலோரமாக நடந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, அடுத்த வாசல் வழியாகப் போய்விட்டாராம். "பூ மட்டும் வச்சிட்டுப் போனாரு" என்றாள்.

எனக்கு அவர்மேல் பயம் வந்தது இன்னொரு சமயம். கிளப்பில் அவரோடு வேலை பார்த்த ஒரு பைலட், சின்ன வயசு, மரங்களுக்கு அந்தப் பக்கம் கேழ்வரகு வயலில் விழுந்து இறந்துபோனார். அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து எல்லோரும் கலையவில்லை. மூடிய குழியின் மேல் ஜனங்கள் பூ வைத்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே எஞ்சின் சத்தம். இவர்தான். பிடி மண்ணைப் போட்டுவிட்டு நேரே மைதானத்துக்குப் போய் விமானத்தைக் கிளப்பிவிட்டிருந்தார். இறந்தவரின் அம்மா அண்ணாந்து பார்த்தாள். "கல்லு மனசுக்காரன்" என்று பக்கத்திலிருந்த யாரோ சொன்னார்கள். நானும் உள்ளுக்குள் ஆமாம் என்றேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விமானத்தை நான் தள்ளிய கதையையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிறகு நடந்தது புரியாது.

ஒரு மழைக்காலத்தில் கொட்டகையிலிருந்து கிளம்பிச் சேற்றுக்குள் போனதும் ஓட்டம் மட்டுப்பட்டது. இவர் கதவைத் திறந்துவிட்டு, "சிஸ்டர், கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க" என்றார், ஏதோ ஜன்னலைச் சாத்தச் சொல்கிறவர் மாதிரி. விமானம் ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. நான் வெள்ளைச் சேலையும் தலையில் தொப்பியுமாக இருக்கிறேன்.

"என்ன சார் விளையாட்டு?"

"செருப்பக் கழட்டிட்டு எறங்குங்க. எறக்கைக்கும் உடம்புக்கும் நடுவுல கம்பி போவுது பாருங்க, அதப் புடிச்சித் தள்ளிக்கினே வாங்க. மேடு வந்ததும் நான் கை காட்டுவேன். படியில கால வச்சி ஏறிடுங்க. ஏற முடியலயா, கைய வுட்டுட்டு வெளிப்பக்கமா வுழுந்துடுங்க. நான் நிக்க மாட்டேன், சொல்லிட்டேன். நின்னா ரெண்டு பேரும் இங்கியேதான்."

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "நீங்க நின்னாத்தான் எனக்குக் கோவம் வரும். மருந்து போய்ச் சேந்தாப் போதும். நான் பஸ் புடிச்சி வீட்டுக்குப் போயிக்கிறேன்."

சிரித்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். அப்பா, அந்த உதறல், அந்தச் சத்தம், முகத்தில் அடிக்கிற சேறு. மேட்டில் கை காட்டினார், தொற்றி ஏறிவிட்டேன். தோட்டத்தில் போய் இறங்கியபோது கம்பவுண்டர் என் கோலத்தைப் பார்த்து, நான் நோயாளி என்று நினைத்துக் கட்டிலைக் காட்டினார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை தள்ளியிருக்கிறேன். கிளப்பில் எனக்கு "தள்ளு சிஸ்டர்" என்றே பேர் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

அந்த நாள் வந்தது அதற்கடுத்த மழையில்.

அதே தோட்டத்திலிருந்து காலையில் டெலிபோன். தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டருடைய மகள், சின்னப் பெண், தொண்டை அடைப்பான் நோய். டிப்தீரியா என்பார்கள். தொண்டைக்குள் தோல் மாதிரி படர்ந்து மூச்சை அடைக்கும். அதற்கு மருந்து எங்களிடம் இருந்தது, ஐஸில் வைத்து எடுத்துப்போக வேண்டிய மருந்து. டாக்டர் ஃபிளாஸ்க்கை என் கையில் கொடுத்து, "சாயங்காலத்துக்குள்ள ஊசி உள்ள போயாகணும். அங்க கம்பவுண்டருக்குப் போடத் தெரியும். இருந்தாலும் நீ கூட இருந்தா நல்லது" என்றார். இந்த வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கம்பவுண்டருக்குப் போடத் தெரியும். நான் போயே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மழை காலையில்தான் விட்டிருந்தது. மைதானம் குழைந்து கிடந்தது. அவர் ஃபிளாஸ்க்கை வாங்கித் தன் சீட்டுக்குப் பின்னால் வைத்து, இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதைக் கட்டினார். கிளம்பினோம். சேற்றில் பாதி தூரத்திலேயே ஓட்டம் குறைந்தது. அவர் சொல்லும் முன்பே நான் செருப்பைக் கழற்றியாகிவிட்டது. இறங்கினேன், கம்பியைப் பிடித்தேன், தள்ளினேன். நன்றாகத்தான் போனது. மேடு தெரிந்தது. கை காட்டினார். படியில் கால் வைத்தேன். காலில் அப்பியிருந்த சேறு வழுக்கியது.

கையை விட்டேன். அவர் சொல்லியிருந்த மாதிரியே வெளிப்பக்கமாகத்தான் விழுந்தேன். முகம் பூராவும் மண். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, போய்விட்டதா என்று பார்க்கத் தலையைத் தூக்கினேன். எஞ்சின் சத்தம் தணிந்திருந்தது. விமானம் நின்றுகொண்டிருந்தது.

அவர் கதவைத் திறந்து பாதி உடம்பு வெளியே நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடி பட்டுச்சா சிஸ்டர்?"

"ஏன் நின்னீங்க? போங்க சார். போங்க."

"வாலு உங்க மேல ஏறிடுச்சோன்னு..."

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க போங்க."

மேட்டுக்கு இன்னும் நாலடி இருந்தது, சக்கரம் அதற்குள் சேற்றில் இறங்கிவிட்டிருந்தது. நான் எழுந்து ஓடித் தள்ளினேன். கொட்டகையிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்து தள்ளினார்கள். அவர் எஞ்சினை முழுசாகக் கொடுத்தார். சக்கரம் அசையவில்லை, வால்தான் மேலே எழுந்தது, மூக்கு கவிழ்ந்தது, முன்னாலிருந்த மர விசிறி மண்ணில் அடித்துச் சிம்பு சிம்பாகப் பறந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கிளப்பில் இருந்த இன்னொரு விமானம் எஞ்சின் கழற்றிக் கிடந்தது.

அவருடைய காரிலேயே கிளம்பினோம். இரண்டு பேர் மேலும் செம்மண், மடியில் ஃபிளாஸ்க். வழியில் ஐஸ் வாங்க மட்டும் ஒரு சோடாக் கடையில் வேகத்தைக் குறைத்தார். மற்றபடி அவர் ஓட்டுகிற மாதிரிதான் ஓட்டினார். மலையடிவாரத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அங்கே ஆறு பாலத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. அவரும் நிறுத்தினார், எஞ்சினையும் அணைத்தார். நடுவழியில் அவருடைய கார் அணைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இறங்கித் தண்ணீரில் மார்பளவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். தண்ணீர் விடிந்த பிறகுதான் வடிந்தது.

நாங்கள் போனபோது ரைட்டர் வீட்டு வாசலில் ஜனம் இருந்தது. பிள்ளை போய்விட்டது என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. நான் ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்தான் இறங்கிப் போனார்.

கிளப்பில் விசாரணை வைத்தார்கள். கேன்டீன் அறையில் நாலு நாற்காலி, ஒரு மேஜை. செயலாளர் பழைய ராணுவக்காரர். என்னைக் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். நான் விழுந்தேன், எனக்காக நிறுத்தினார், நிறுத்தாமலிருந்தால் மருந்து போயிருக்கும், ஃபிளாஸ்க் உள்ளேதான் இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் இவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் குறுக்கே வந்தார்.

"சிஸ்டர் பயத்துல சொல்றாங்க சார். நான் நிறுத்தல. சக்கரம் எறங்கிடுச்சு, அதுவா நின்னுச்சு. அவங்க வுழுந்தது அதுக்கப்புறம்."

"பொய் சொல்லாதீங்க" என்றேன் தமிழில். செயலாளருக்குத் தமிழ் தெரியாது. "நீங்க கதவத் தொறந்து என்னப் பாத்தீங்க. அடி பட்டுச்சான்னு கேட்டீங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் மழையின் மேலும் மண்ணின் மேலும் பழியைப் போட்டு விஷயத்தை முடித்தார். எனக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்கள்.

நான் யாரிடம்தான் சொல்லவில்லை? மேட்ரனிடம் சொன்னேன். "ஆத்துல தண்ணி வந்ததுக்கு நீ என்ன பண்ணுவே, போய் முகத்தக் கழுவு" என்றாள். பாதிரியாரிடம் சொன்னேன், ஆண்டவருடைய சித்தம் என்றார். அந்தப் பதிலை நானே எத்தனையோ தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்கு அது போதவில்லை. கடைசியில் அந்த ரைட்டரே ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டு வாசலில் ஒரு காபித்தூள் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

"எம் புள்ளைக்காக அவ்ளோ தூரம் ராத்திரியெல்லாம் முழிச்சி வந்தீங்களே சிஸ்டர். அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லக்கூட எனக்கு நெனவில்ல."

நான் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். நான் வழுக்கியதை, விமானம் நின்றதை, மருந்து உள்ளே இருந்ததை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "உங்களுக்கு அடி ஒண்ணும் படலயே?" என்றார்.

பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் காபியை நான் குடிக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. அலமாரியில் வைத்திருந்து பூச்சி விழுந்த பிறகு கொட்டினேன். ஒரு குற்றத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நீட்டியும், ஒருவரும் கை நீட்டி வாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் நிற்க ஆரம்பித்தார்.

முதலில் எனக்குத் தெரியவில்லை. காவல்காரர் வந்து, "சிஸ்டர், சார் காரு வாசல்ல நிந்துபிட்டிதெ" என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக, கார் நின்றுவிட்டதை அதிசயமாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் காரை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறார். மழை நாட்களில் அவர் விமானத்தை எடுப்பதில்லை என்றார்கள். அப்புறம் வெயில் நாளிலும் எடுக்கவில்லை. கிளப்பிலிருந்து யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே விலகிக்கொண்டார். மச்சான் பேக்கரி வைத்திருந்தார். அதில் சேர்ந்து ரொட்டி வண்டி ஓட்டினார். காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் எல்லாம் அவருடைய ரூட். ஒவ்வொரு கேட்டாக நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் எஞ்சினை அணைத்து, இறங்கி, ரொட்டியைக் கையில் கொடுத்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் மனைவி ஒருநாள் ரஸ்ஸல் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "இப்பத்தான் சிஸ்டர் இவரு மனுஷனா ஆயிருக்காரு. சாப்பிட ஒக்காந்தா இலை எடுக்கிற வரைக்கும் ஒக்காந்திருக்காரு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். கறிவேப்பிலை வாங்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

என் வீட்டுக்கும் வருவார். நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற அமரக் குடிப்பார். "இன்னொரு அரை டம்ளர் இருக்கா சிஸ்டர்?" என்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. எழுந்து ஓடுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருக்கும். பழைய ஆள் எங்கே போனார்? நான் விழுந்த இடத்தில் நின்றவர் அங்கேயே நின்றுவிட்டார் என்று தோன்றும்.

வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்கும் தலை நரைத்து, நானே மேட்ரன் ஆகிவிட்டேன். பாரமும் கூடிவிட்டது, இப்போது என்னை ஏற்றினால் பெட்ரோலை இறக்கத்தான் வேண்டும். ஒரு லீவு நாள் மத்தியானம், நல்ல மழை பெய்து விட்டிருந்தது. அவர் வண்டியை என் கேட்டுக்கு ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். அவர் இரண்டாவது அரை டம்ளர் கேட்டபோது எனக்கு ஏதோ ஆகிவிட்டது.

"இன்னிக்காவது உண்மையச் சொல்லுங்க சார். நிறுத்தினீங்களா இல்லையா?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"நிறுத்தினேன்."

"அப்ப ஏன் அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி இல்லன்னீங்க?"

"நீங்க அதத் தூக்கிக்கினு திரிவீங்கன்னுதான்."

"இல்லன்னு சொன்னதால மட்டும் தூக்காம இருந்தேனா?"

நான் விடவில்லை. "மறுபடியும் அதே மாதிரி நான் விழுந்தா? மருந்து உள்ள இருக்கு, அங்க குழந்தை மூச்சுக்குத் திணறுது. என்ன பண்ணுவீங்க?"

வேறு யாராவது என்றால் பேச்சை மாற்றியிருப்பார்கள்.

"நிறுத்துவேன் சிஸ்டர். தப்புன்னு தெரியும். அந்தப் புள்ள மொகம் எனக்கு டெய்லி வருது. ஆனாலும் கண்ணு முன்னாடி நீங்க வுழுந்தா, நிறுத்தத்தான் செய்வேன்."

இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். கேட்டதும் அழுகை வரும், ஆத்திரம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது சந்தோஷம். பிள்ளை பிறந்த வார்டில்கூட நிற்காத மனிதர் எனக்காக நின்றார், இனிமேலும் நிற்பார் என்று என் மனசு இனித்தது. அந்தப் பெண் இருந்திருந்தால் தாவணி போட்டிருக்கும். அது மண்ணுக்குள் இருக்க, நான் என் வீட்டில் உட்கார்ந்து, உயிரோடு இருப்பதற்காக உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தேன். மற்றதையெல்லாம் ஊர் பூராவும் சொன்னவள், இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் எழுந்தார். ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினார். வண்டி நகரவில்லை. கேட்டோரம் செம்மண், இத்தனை நேரம் நின்றதில் பின் சக்கரம் இறங்கிவிட்டிருந்தது. சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு தெறித்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவருக்குச் சொல்லக் கூச்சம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் போனேன்.

"இந்த வயசுல வேணாம் சிஸ்டர். யாராவது வரட்டும்."

"நீங்க எஞ்சினக் குடுங்க சார். கெளம்பினா நிக்காதீங்க, போயிக்கினே இருங்க."

தள்ளினேன். முதலில் அசையவில்லை, பிறகு ஒரு உதறல், வண்டி மண்ணை விட்டுத் தார் ரோட்டில் ஏறியது. என் கை காற்றில் நின்றது. முகத்திலும் ரவிக்கையிலும் சேறு. வண்டி போய்க்கொண்டே இருந்தது, சர்ச் மதில் வரை நிற்காமல் போனது. பழைய ஓட்டம்தான். அப்படியே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தெருமுனையில் பிரேக் போட்டார். கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, திரும்பி என்னைப் பார்த்தார். நான் விழவில்லை என்று தெரிய வேண்டுமே என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.